முனிராஜோடு வீராம்பட்டினம் கடற்கரை

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஓசூரில் புதுச்சேரி பஸ் ஏறினோம், நானும் முனிராஜும். டிக்கெட் தலைக்கு இருநூற்று எழுபது. மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் குடியிருக்கிறோம். ஆறு வருடமாக ஒரே பிரஸ் மெஷினில் ஒப்பந்த வேலை. தகட்டை உள்ளே வைப்பது நான், பட்டனை அழுத்துவது அவன். உற்பத்தி குறைகிறதென்று, கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை எப்போதோ கட்டிப் போட்டுவிட்டார்கள். கையை வெளியே எடுத்ததும் நான் "விடு" என்று கத்த வேண்டும்.

திங்கட்கிழமை அவனுக்கு நிரந்தர வேலைக்கான மருத்துவச் சோதனை. அதற்குள் ஒருமுறை கடலைப் பார்த்துவிட வேண்டும் என்றான். எனக்கு அந்த வாய்ப்பு வரவில்லை; அன்றைக்கே எல்லோருக்கும் நடக்கும் வருடச் சோதனை மட்டும்தான். வயிறு எரியவில்லை என்றால் பொய்.

கிருஷ்ணகிரியில் டீ. ஊத்தங்கரை தாண்டியதும் இருபுறமும் காய்ந்த நிலம். திருவண்ணாமலையில் வெயில் ஏறிவிட்டது. புதுச்சேரி சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அங்கிருந்து ஆட்டோவில் தெற்கே ஏழு கிலோமீட்டர், வீராம்பட்டினம்.

கடலோரக் கொட்டகையில் ஓர் அக்கா சமைக்கிறார். மீன் சாப்பாடு நூற்றிருபது, நெத்திலி வறுவல் எண்பது. மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு. ஐஸில் கிடந்து ஓசூர் வரும் மீனுக்குப் பழகிய நாக்குக்கு இது வேறு சங்கதி.

"இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா தம்பி?" என்று பின்னாலிருந்து இரண்டு முறை கேட்டார். முனிராஜ் தலை நிமிரவில்லை. பசி என்று நினைத்தேன்.

நாலரைக்கு மணலில் வடக்கே நடந்தோம். நல்ல காற்று, வரிசையாகப் படகுகள். பின்னால் படகை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் ஹாரனை அடித்தபடி வந்தது. நான் விலகினேன். முனிராஜ் பாட்டுக்கு நடந்தான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவருமே விழுந்தோம். டிரைவர் எங்கள் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனார்.

"காது கேக்கலியாடா?"

அவன் என் வாயையே பார்த்தான். "எடது சுத்தமா போயிடுச்சு. வலதுல கொஞ்சூண்டு இருக்குது. பத்து மாசமாவே இப்பிடித்தான்."

"அப்ப நான் விடுன்னு கத்தறது?"

"அது எங்க கேக்குது? உன் தோளப் பாத்துனு இருப்பன். பின்னால போச்சுன்னா கை வெளிய வந்துடுச்சுன்னு அழுத்துவன்."

பத்து மாதத்தில் ஒரு நாள் கொசு கடித்துத் தோளை அசைத்திருந்தால்?

"திங்கக்கெழம டெஸ்ட்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒக்கார வெச்சு காதுல சத்தம் விடுவாங்க, கேட்டா பட்டன அழுத்தணும்," என்றான். "வரிசைல எனக்கு அடுத்து நீதான். டெஸ்ட் எடுக்கற அம்மா சுவிட்ச அழுத்தறப்பல்லாம் மூக்கத் தொடு. நான் பட்டன அழுத்திக்கறன்."

"டேய், மெஷினுக்குள்ள போறது என் கைடா!"

"தெரியும். பர்மனென்ட்டுன்னு சொல்லித்தான் பொண்ணு பேசியிருக்குது. காது போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெரட்டிடுவாங்கடா."

அவன் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. அன்று இரவு அறை வாடகை தொள்ளாயிரம் தண்டம், இருவரும் தூங்கவில்லை. ஞாயிறு காலை அவன் அலையைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேட்ட இரைச்சல் அவனுக்கு இல்லை. பத்து மணிக்குத் திரும்ப பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை மூக்கைத் தொட்டேன், ஒவ்வொரு முறையும். தேறிவிட்டான். மதியமே சூப்பர்வைசரிடம் முதுகுவலி என்று பொய் சொல்லி பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டேன். முனிராஜோடு பிரஸ்ஸில் என் இடத்தில், போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். கான்டீனில் அவர் எதிரே உட்காரும்போது, சாப்பிட்டாயா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இந்தி வருகிறது. முனிராஜின் காதைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு வராது என்று ஒரு வாரமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.