முன்வரிசையில் மூன்றாவது இணைப்பு

மைக்கைப் பிடித்த தமிழனை நேரத்துக்கு உட்கார வைக்கும் ஆற்றல் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் பெயர் குரு. இதைச் சொன்னது குருவேதான். சிரிக்காமல் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிவிட்ட கதை இல்லை. பிரிக்பீல்ட்ஸில், மூன்றாவது மாடி மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவர்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு வந்ததில்லை.

குருவின் ஆயுதம் ஒரு டைமர். மண்டபத்தின் பின்னால் உட்கார்ந்து மடிக்கணினியில் பொத்தானை அழுத்துவான். பேச்சாளரைப் பார்த்தபடி மேடைக்குக் கீழே வைத்த திரையில் ஐந்து நிமிடம் இறங்கத் தொடங்கும். இரண்டும் ஒரே லிங்க்கில் இணைந்திருக்கும். வேண்டுமானால் "முடிக்கவும்" என்று தட்டி அனுப்பலாம். அது திரையில் விழும். குருவுக்குத் திரையின் முதுகு மட்டும்தான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பதினைந்து விநாடி போனால், ஆள் அவுட்.

போன வருடம் அப்படி அவுட் ஆனவள் வாணி, குருவின் வகுப்புத் தோழி. பதினெட்டு விநாடி. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

"டேய், நேரத்த ஒழுங்கா காட்டு. சொதப்புன, கொன்னுருவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

மதியம் 2:20. சங்கச் செயலாளர் அமுதவள்ளி அக்கா ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து முன்வரிசையின் ஓர நாற்காலியில் வைத்தார். காலி நாற்காலி. அதைப் பார்த்து, "சார், மணியப் பாத்துக்குங்க" என்றார்.

"யாருக்கா அது?" என்றான் குரு.

"சபாபதி சார். முப்பது வருஷமா நம்ம போட்டிக்கெல்லாம் மணி அடிச்சவரு. தவறிட்டாரு. இது ஒரு வழக்கம்லா."

"சாருக்கு மைலோ சொல்லட்டுமா? ஐஸ் போட்டா, போடாமலா?"

அக்கா சிரிக்கவில்லை.

2:41. முதல் பேச்சாளர். மடிக்கணினியின் மூலையில் குரு பார்த்தான். இணைப்புகள்: 3.

மடிக்கணினி ஒன்று. மேடைத் திரை ஒன்று. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. லிங்க்கை அவன் யாருக்கும் அனுப்பவில்லை.

0:30 இருக்கும்போது எண்கள் ஒருமுறை மின்னின. குரு எதையும் தொடவில்லை. எங்கோ ஒரு 'டிங்'. யாருடைய கைப்பேசியோ…

இரண்டாவது பேச்சாளர். சரியாக 0:30. எண்கள் மின்னின. டிங்.

கணேஷ் வேலைதான், சந்தேகமே இல்லை. சுபாங் ஜெயா கல்லூரிக்காரன், வாணிக்குப் போட்டி. மூன்றாவது வரிசையில் கைப்பேசியும் கையுமாக இருந்தான். குரு எழுந்து போனான்.

"பாஸ், என் டைமர நோண்டாத."

"உன் டைமர எவன்டா நோண்டுனான்? நான் நாசி லெமாக் ஆர்டர் பண்றேன்லா."

காட்டினான். நாசி லெமாக்தான். இரண்டு பொட்டலம், சம்பல் கூடுதலாக.

குரு நம்பவில்லை. திரும்பி வந்து கடவுச்சொல்லை மாற்றினான். 3 என்பது 2 ஆனது.

ஒரு விநாடி…

3.

3:17. வாணி பேசத் தொடங்கினாள். குரு கணேஷைப் பார்த்தான். கணேஷின் வலது கையில் சம்பல். இடது கையில் பொட்டலம். கைப்பேசி பைக்குள்.

அப்படியென்றால் யார்?

யோசிக்கவில்லை. வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.

மேடைத் திரை: இணைப்பு இல்லை.

மடிக்கணினி: இணைப்பு இல்லை.

இணைப்புகள்: 1.

பிளக்கைத் திரும்பச் செருகினான். டைமர் உயிர் பெற்றது. ஆனால்… மறுபடியும் 5:00 இலிருந்து!

வாணி எத்தனை விநாடி பேசியிருந்தாள்? அவனுக்குத் தெரியாது. அந்தத் திரையை நம்பித்தான் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

மடிக்கணினியில் 1:20.

டிங்.

இந்த முறை பார்த்துவிட்டான். ஓர நாற்காலி. அருகில் யாரும் இல்லை. மணி லேசாக ஆடி… நின்றது.

0:54. வாணி, "நன்றி, வணக்கம்" என்று சொல்லி இறங்கினாள்.

நடுவரின் ஸ்டாப்வாட்ச்சில் நான்கு நிமிடம் ஐம்பத்தாறு விநாடி.

முதல் பரிசுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "டேய், நடுவுல திரை இருட்டாச்சு, பயந்துட்டேன். அப்புறம் சரியா காட்டுச்சு. கடைசியில 'முடிம்மா'ன்னு அனுப்புன பாரு… எப்பலேர்ந்துடா உனக்கு இவ்ளோ மரியாதை?"

குரு எதையும் அனுப்பவில்லை.

சுற்றிப் போய்த் திரையின் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு சொல்.

"வரேன்."

அவனுக்கு மூச்சு வந்தது. நம் ஆட்கள் யார்தான் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புகிறார்கள்? விடைபெற்றாயிற்று. திரையைப் படம் எடுத்துக்கொண்டு மடிக்கணினியை மூடினான்.

நாற்காலி அடுக்கும்போது அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"'முடிம்மா'… அது சார் பேச்சுதான்."

"எப்படிக்கா தவறுனாரு?"

"அந்த ஓர நாற்காலியிலதான். போட்டி நடந்துக்கிட்டு இருக்கு. அன்னிக்கு மணியே அடிக்கல. ஒரு பையன் பதினோரு நிமிஷம் கூடப் பேசுனான். சார் நல்ல மூடுல இருக்காரு போலன்னு நெனச்சோம்…"

"பரவால்லக்கா. இப்போ 'வரேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். "கெளம்பறப்ப சார் ஒன்னுமே சொல்ல மாட்டாரு, தம்பி. சட்டுனு எந்திரிச்சிப் போயிருவாரு. அடுத்த போட்டி எங்கன்னு குரூப்ல போடுவேன். அதுக்குத்தான் இந்தப் பதில் வரும். இந்த ஒரே சொல்லு."

"அடுத்தது எங்கக்கா?"

"கிள்ளான். இன்னிக்குக் காலையிலதான் போட்டேன்." குரல் தாழ்ந்தது. "சார் நம்பர இன்னும் குரூப்லேர்ந்து எடுக்கல…"

அடுத்த ஞாயிறு, கிள்ளான். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்பே குரு வந்துவிட்டான். மேடைத் திரைக்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தான்.

இணைப்புகள்: 2.

சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. அக்காவிடம் வாங்கி வந்திருந்த பித்தளை மணியைச் சட்டை முனையால் துடைத்தான். முன்வரிசையின் ஓர நாற்காலியில் வைத்தான். பக்கத்தில் ஒரு மைலோ, ஐஸ் போடாமல்.

"சார்… மணியப் பாத்துக்குங்க."