ஒற்றையாக நின்றால் வரிசை

என் அண்ணி எங்கே போனாலும் வாசலில் நின்று, "கடைசி யாரு?" என்று கேட்பார். ரேஷன் கடையில் கேட்டால் சரி. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சரி. ஒரு சாவு வீட்டில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் குளியலறை சாத்தியிருந்தால் உள்ளே ஒரே ஆள்தான் இருக்க முடியும் என்று தெரிந்தும், கதவைத் தட்டி அதையே கேட்பார். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், மாறவில்லை.

ஆறு வயதில் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் வரிசையில் நிற்க வைத்தார்களாம். அதற்குப் பிறகு அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, அடையாள அட்டைக்கு, அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்பதற்கான அட்டைக்கு என்று நின்றுகொண்டே வளர்ந்தவர். முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தே இவர் கடைசி வரை நிற்பாரா, பாதியில் நழுவுவாரா என்று சொல்லிவிடுவார். நான் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை சோதித்துப் பார்த்துவிட்டேன், தப்பியதில்லை.

என் அண்ணனைச் சந்தித்ததும் ஒரு வரிசையில்தான். அண்ணன் பஸ் கண்டக்டர். அட்டை அலுவலகத்தில் தன் பையைத் தரையில் வைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று பின்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனவர், ஒரு டிரிப் முழுக்கப் போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தார். அந்தப் பெண் பையைக் காலால் தள்ளித் தள்ளியே ஜன்னல் வரை கொண்டுவந்திருந்தார். அன்றைக்கு வாங்கிய திட்டில் அண்ணனுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டதாம். அது கல்யாணத்தில் போய் முடிந்தது. அண்ணன் வீட்டில் எதையாவது போட்டது போட்டபடி விட்டுப் போனால் அண்ணி சொல்வார்: "அன்னைக்கு விட்டுட்டுப் போன பையையே இன்னும் தள்ளிக்கிட்டிருக்கேன்."

அண்ணிக்குச் சட்டை கம்பெனியில் காஜா மெஷின். பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி ஓரம் தைக்கிற வேலை. நானும் அங்கேதான், தைத்து வரும் சட்டைகளில் பிசிறு வெட்டுகிறேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எனக்கும் சேர்த்து அண்ணிதான் பேசுவார்.

நாலு பேருக்கு மேல் ஓர் இடத்தில் கூடி நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான், ஆக ஐந்து பேர். ஒரு வாரம் முழுக்கச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், யாராவது ஒருத்தர் எழுந்து வெளியே போங்கள், இங்கே சட்டவிரோதமாகச் சாப்பாடு நடக்கிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருஷம்தான் பஸ்களில் ஒலிபெருக்கி வைத்துத் தலைவரின் சொற்பொழிவைப் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் அண்ணனுடைய பஸ் டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு நிறுத்தத்தில் ஓர் அம்மா படியில் கால் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் தலைவர் குரலை உயர்த்தி, நம் நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் அண்ணன் படியில் நின்ற அம்மாவிடம் சொன்னார்:

"டிப்போவுக்குப் போகுதும்மா, ஏறாதீங்க."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் வண்டியை எடுக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாராம். ஏன் சிரிக்கிறார்கள் என்று அண்ணனுக்கே அப்புறம்தான் புரிந்தது. இரண்டாம் நாள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முப்பது நாளுக்குள் முறையீடு கொடுக்காவிட்டால் தொலைவில் இருக்கிற முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அண்ணி அழுததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், காஜா மெஷின் முன்னால். மெஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

முறையீட்டுப் படிவம் வாங்க இரண்டு பேரும் போனோம். குமாஸ்தா விதியைப் படித்துக் காட்டினார். எங்கள் வட்டாரத்தில் குடியிருக்கிற நூறு பேர், ஒரே நாளில், ஒரே இடத்தில், விண்ணப்பதாரரின் முன்னிலையில், பிடிபட்டவர் நல்லவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். படித்து முடித்த கையோடு, நாலு பேருக்கு மேல் கூடினால் உங்களையும் உள்ளே வைப்பார்கள், ஜாக்கிரதை என்றும் சொன்னார். அப்படியென்றால் நூறு பேர் எப்படி வருவது என்று அண்ணி கேட்டார். விதியை நான் எழுதவில்லையம்மா என்று குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பிய அண்ணி அப்படியே நின்றுவிட்டார். எங்களுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர் வாசல் தாண்டி நின்றிருந்தார்கள். அவர்களைக் கலைக்க வேண்டிய போலீஸ்காரரே, வரிசையில நில்லுங்க, வரிசையில நில்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். பத்தொன்பது நாள் கழித்து வந்த சிரிப்பு. எனக்குப் பயமாகவே இருந்தது.

எங்கள் தெருவில் ஒருவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். அவர் காதில் விழுந்தது அரைமணி நேரத்தில் ஊருக்கே விழும். அந்த வருஷம் எல்லாரும் அவரைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். அண்ணி நேராக அவரிடம் போய், யாரிடமும் சொல்லாதீர்கள், விடுமுறை நாள் காலையில் பூட்டிக் கிடக்கிற செருப்புக் கடை வாசலில் வரிசை என்றார். என்ன கொடுக்கிறார்கள் என்று ரேடியோ அக்கா கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

விடுமுறை நாள் காலை ஏழு மணிக்குச் செருப்புக் கடை ஷட்டர் முன்னால் ஒரு சின்ன மேஜை, படிவம், இரண்டு பேனாவோடு அண்ணி உட்கார்ந்தார். என்னை மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்.

"வரிசைன்னா முதல்ல ஒரு ஆள் வேணும். நீ பேச வேண்டாம், நின்னா போதும்."

நான் நின்றேன். கால்மணி நேரம் நான் மட்டும்தான் வரிசை. அப்புறம் கண்ணாடிக் கடைக்காரர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவரைப் பார்த்து இரண்டு பேர். எட்டு மணிக்குத் தெருமுனை வரை போய்விட்டது. வரிசையைக் கண்டால் நிற்காமல் போகிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. ஆளுக்கொரு பையும் டப்பாவும் இருந்தன. சோப்பு என்று ஒரு பேச்சு, இல்லை, சர்க்கரை என்று இன்னொரு பேச்சு. குழந்தையைத் தூக்கி வந்தால் இரட்டைப் பங்காமே என்று யாரோ சொல்ல, ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தூங்குகிற குழந்தையைத் தூக்கி வந்தார்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜையை ஒட்டியே நின்றுகொண்டேன். கண்ணாடிக் கடைக்காரரும் தெரிந்தவர்களும் போட்டார்கள். முதன்முதலாக விஷயம் தெரியாமல் வந்தவர் இரண்டு பை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். படிவத்தை முழுக்கப் படித்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போவுக்குப் போகுதுன்னு சொன்னவரா, என்று அவர் மெதுவாகக் கேட்டார். அண்ணி தலையாட்டினார். அவருக்கு வயிறு குலுங்கியது. சத்தம் வெளியே வராமல் இருக்க ஒரு பையை வாயில் வைத்துக்கொண்டார். அப்படியே ஒரு கையால் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் வரிசையில் ஒவ்வொருவராகத் தோள் குலுங்க ஆரம்பித்ததைத் தெருமுனை வரை நான் பார்த்தேன். அண்ணன் சொன்ன பேச்சு அதற்குள் ஊரெல்லாம் சுற்றி வந்திருந்தது.

எல்லாரும் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள் பதினேழு பேர். அண்ணி யாரையும் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருவரும் போய் எங்கும் சொல்லவும் இல்லை.

எண்பதைத் தாண்டியபோது போலீஸ்காரர் வந்தார். அலுவலகத்தில் கத்திக்கொண்டிருந்த அதே ஆள். வரிசையில் சிரிப்பு ஓய்ந்தது. என்ன வரிசை என்று நடுவில் நின்றவர்களைக் கேட்டார். முன்னால் நிற்பவரைக் கேளுங்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல, கேட்டுக்கொண்டே மேஜை வரை வந்துவிட்டார். முதல் ஆள் யார் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே என்னம்மா கொடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது.

"குடுக்கறது இல்லீங்க. இது போடறது."

அவர் படிவத்தை எடுத்துப் படித்தார். மெதுவாகப் படிக்கிற ஆள். பேருந்து நடத்துநர் என்ற இடம் வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வரிசையைப் பார்த்துத் திரும்பி உரக்கச் சொன்னார்:

"ரெண்டு ரெண்டா நின்னா கூட்டம். ஒத்தையா நின்னா வரிசை. ஒத்தையா நில்லுங்க."

கடைசி ஆள் போகிற வரை அங்கேயே இருந்தார். போகும்போது மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்று அண்ணியிடம் கேட்டு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வரிசையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, வேலையைப் பார்த்தார் என்பார் அண்ணி.

மறுநாள் குமாஸ்தா நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தையும் எண்ணினார். நூறு பேர் ஓரிடத்தில் கூடியது உண்மை என்றால் நீங்கள் குற்றவாளி, பொய் என்றால் படிவம் செல்லாது என்றார். அண்ணி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"கூட்டம் இல்ல சார், வரிசை. உங்க போலீஸ் நோட்டுலயே இருக்கும், பாருங்க."

நோட்டை வரவழைத்தார்கள். செருப்புக் கடை வாசலில் வரிசை, நூற்று இருபத்தொன்பது பேர், ஒழுங்காக இருந்தது என்று எழுதி, கீழே கையொப்பமும் இருந்தது. குமாஸ்தா முத்திரையைக் குத்தும்போது முகத்தை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். சிரித்தாரா என்று பார்க்க நான் எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, சட்டை தொளதொளவென்று இருந்தது. வாசற்படியில் பையை வைத்துவிட்டு நின்றார். அண்ணி வந்து அந்தப் பையைக் காலால் தள்ளினார். கூடம் வழியாகத் தள்ளி, அலமாரி வரை கொண்டுபோய்விட்டார். அண்ணன் பின்னாலேயே போனார். பெண்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம். அண்ணனைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது. உத்தரவு இருக்கிறதே, அதனால் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்த அண்ணன், நான் என்ன சர்க்கரையா என்றார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கேட்டார்:

"கடைசி யாரு?"

தெருமுனையில் ஒரு கை உயர்ந்தது. ரேடியோ அக்காவின் கை. எதிலும் முதல் ஆளாக நிற்பவருக்கு, அன்றைக்கு ஊருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு மற்ற வீட்டுப் பெண்களும் அண்ணியிடம் வர ஆரம்பித்தார்கள். இதுவரை பதினொரு வரிசை நின்றாகிவிட்டது. எட்டுப் பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் போலீஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. அண்ணன் அதே பஸ்ஸில்தான் வேலை செய்கிறார், சொற்பொழிவு ஓடும்போது மட்டும் விசிலை வாயில் வைத்துக்கொள்கிறார். வருகிற விடுமுறை நாளில் கண்ணாடிக் கடைக்காரரின் மகனுக்காகச் செருப்புக் கடை வாசலில் வரிசை இருக்கிறது. முதல் ஆளாக நான் நிற்கிறேன்.