டோபி காட் குன்றில் பனிச்சறுக்கு

ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து ஆண்ட காலம். அவர்கள் வைத்த டோக்கியோ கடிகாரப்படி காலை எட்டரை மணி. சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில், மாட்டுவண்டிப் பட்டறைச் சுவரில் இரண்டு நீளப் பலகைகள் சாய்ந்து நின்றன. முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. இரண்டிலும் சந்தனம், குங்குமம்.

பட்டறை ஆசாரியின் காளைகளை வண்டியோடு சேர்த்து ஜப்பானியப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் பிடித்து வைத்திருந்தார். அவர்கள் ராணுவ முகாமில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு என்பது ஊருக்கே தெரியும். அதிகாரி பனி கொட்டும் வடக்கு ஊர்க்காரர். தான் பனியில் சறுக்கும் புகைப்படத்தைக் காட்டி, அதேபோல் பலகை செய்து, அதில் தான் சறுக்கிவிட்டால் காளைகளைத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவன். மாலை வகுப்பில் கொஞ்சம் ஜப்பானிய மொழி படித்திருந்ததால், மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார் ஆசாரி.

புறப்படும்போது அவர் மனைவி பூசைக்கென்று ஒரு பை எலுமிச்சையைக் கொடுத்தார். பழங்கள் சிறியவை, கல் போன்றவை.

"மாடில்லாம திரும்பி வந்தீங்கன்னா, நுகத்தடியில உங்களத்தான் பூட்டுவேன்."

"பூட்டு. தீனிச் செலவு மிச்சம் லா," என்றார் ஆசாரி.

வழியில் என்னிடம் கேட்டார்: "தம்பி, பனின்னா ஐஸ் கட்டிதானே?"

"தூளா இருக்கும்ணே. வானத்துலேர்ந்து விழுமாம்."

"அதுல எதுக்கு நிக்கணும்? வீட்டுக்குள்ள போயிட வேண்டியதுதானே?"

டோபி காட் பக்கத்துக் குன்றில் அதிகாரி காத்திருந்தார். பலகைகளைத் தட்டிப் பார்த்தார், தலையசைத்தார், பாதங்களை வாரில் மாட்டிக்கொண்டார். மூங்கில் கழிகளை ஊன்றித் தள்ளினார். பலகைகள் புல்லில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மறுபடி தள்ளினார். காது சிவந்தது. அப்படிச் சிவந்தால் அடுத்து அறை விழும் என்பதை அந்த ஆண்டுகளில் எல்லோரும் கற்றிருந்தோம்.

"பூசை முடியறதுக்குள்ள ஏறிட்டாரு, அதான்," என்று முணுமுணுத்தார் ஆசாரி. புது வண்டி ஓடுமுன் சக்கரத்துக்கு ஒரு பழம் வைப்பது அவர் வழக்கம். "இது நீளமாச்சே, வரிசையா வச்சிடலாம்."

நான் தடுப்பதற்குள் அதிகாரியின் முன் மண்டியிட்டு, பலகைகளின் முனையைத் தூக்கி, அடியில் பழங்களை அடுக்கினார். இது என்ன என்று அதிகாரி அதட்டினார். திருஷ்டிக்கு ஜப்பானியச் சொல் எனக்குத் தெரியாது.

"எங்கள் ஊர்ப் பனி," என்றேன்.

அதிகாரி கழியை ஊன்றினார். சக்கரமாக இருந்தால் பழத்தை நசுக்கியிருக்கும். பலகைக்கு அடியில் பழங்கள் உருண்டன. அவர் சரிவில் நேராகப் பாய்ந்தார். பழங்கள் சிதற, முழங்கால் மடங்க, லாலான் புல்லுக்குள் தலைகுப்புற விழுந்தார். தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது.

"செத்துட்டாரா?"

"பேசாம இருங்கண்ணே."

புல் அசைந்தது. அதிகாரி எழுந்து உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பழங்களைப் பொறுக்கி வரச் சொல்லி எங்களை விரட்டினார். பழங்கள் சாறாகும்வரை சறுக்கினார்.

மறுநாள் காளைகள் இரண்டும் சந்துக்கு வந்து சேர்ந்தன. வண்டியை அதிகாரி வைத்துக்கொண்டார்.