பரு மாத்திரையும் மூன்று மாத ரகசியமும்

இருபது வருடங்களுக்கு முன்பு, நாங்கள் ஓசூர் மத்திகிரியில் வாடகை வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. கணவருக்கு ஓசூரிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கர்நாடக எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கு நாள் தள்ளிப் போனது. வீட்டிலேயே பரிசோதித்துப் பார்த்தோம். நல்ல செய்திதான்.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா சந்தோஷப்பட்ட கையோடு ஓர் உத்தரவும் போட்டுவிட்டார். மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார். டாக்டரிடமும் அதற்கப்புறம் போனால் போதுமாம். எங்கள் வீட்டில் காலம் காலமாக அப்படித்தான். நானும் தலையாட்டிவிட்டேன்.

ரகசியத்தை வாய்தான் காப்பாற்றியது, முகம் காப்பாற்றவில்லை. வயசுக்கு வந்தபோதுகூட எனக்குப் பரு வந்ததில்லை. இப்போது கன்னம், தாடை, நெற்றி என்று ஓர் இடம் பாக்கியில்லை. சீழ் கோத்துக்கொண்டு வலி வேறு. கம்பெனியில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உடம்புச் சூடு என்றாள் ஒருத்தி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஓசூர் குளிரில் எனக்கு மட்டும் எங்கிருந்து சூடு வந்தது என்று கேட்கத் தோன்றியது. இன்னொருத்தி பற்பசை தடவச் சொன்னாள். அதையும் தடவினேன், எரிச்சல்தான் மிச்சம். அடுத்த மாதம் ஊரில் கொழுந்தனாருக்கு நிச்சயதார்த்தம். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் இந்த முகத்தோடு எப்படி நிற்பது என்று கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வந்தது.

என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா இருந்தார். மத்திகிரியே அவர் சொந்த ஊர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், என்னிடம் தமிழ். கணவரை விட்டால் ஓசூரில் எனக்கு இருந்த ஒரே ஆதரவு அவர்தான். முந்தின வருடம் அவருக்கும் முகமெல்லாம் கட்டி கட்டியாகப் பரு வந்து, பெங்களூரில் தோல் டாக்டரிடம் காட்டித்தான் சரியானது. நான் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், தனக்குக் கொடுத்ததில் மீதியிருந்த ஒரு க்ரீமையும் ஒரு மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். க்ரீமை ராத்திரியில் தடவ வேண்டும், மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும் என்றார்.

க்ரீமை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையை மட்டும் போட முடியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால்தானே? இரண்டு வாய் உள்ளே போனால் மூன்று வாய் வெளியே வந்தது. இந்தப் பாழாய்ப்போன வாந்தி நிற்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் வழக்கம்போல லாரிகள் வரிசையில் எங்கள் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. டீசல் புகை குப்பென்று ஏறியது. அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். காலையில் சாப்பிட்ட பொங்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். இரண்டு பிள்ளை பெற்றவரிடம் இந்தக் கதை எடுபடுமா?

"எங்கிட்ட மறைக்காதடி. எத்தினி மாசம்?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த நொடியே அவர் முகம் வெளிறிப் போனது. என் கையை இறுகப் பிடித்தார்.

"அந்த மாத்திரையப் போட்டியா? நெஜத்தச் சொல்லு."

"இல்லக்கா. க்ரீம் மட்டும்தான் தடவுதேன்."

அக்கா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது, பிள்ளைக்குப் பெரிய குறை வந்துவிடும் என்று தோல் டாக்டர் எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கிறார். தனக்கு ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதால், நமக்கு எதற்கு என்று அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் கர்ப்பம் என்று தெரிந்திருந்தால் அந்த அட்டையை என் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார்.

கம்பெனி பஸ்ஸை அனுப்பிவிட்டு, நாங்கள் டவுன் பஸ் பிடித்து ஓசூருக்கே திரும்பி ஒரு பெண் டாக்டரிடம் போனோம். வழியில் வீட்டுக்குப் போய் க்ரீமையும் எடுத்துக்கொண்டோம். எனக்கோ வயிற்றுக்குள் இருப்பது என்ன ஆகுமோ என்று உயிரே கையில் இல்லை. டாக்டர் க்ரீம், மாத்திரை இரண்டையும் வாங்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு உள்ள போயிருந்தாக்கூட நான் உனக்குத் தைரியம் சொல்லியிருக்க மாட்டேன்மா," என்று மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

க்ரீமும் கர்ப்ப காலத்தில் கூடாதுதான், ஆனால் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு, ஒரு வாரம் தடவியதற்குப் பயப்பட வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடு என்றார். கர்ப்பத்தில் பரு வருவது சகஜமாம். கிள்ளாமல், தேய்க்காமல், மென்மையான சோப்பால் இரண்டு வேளை முகம் கழுவச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தில்லாத வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வரலாம் என்றிருந்தேன் என்று நான் இழுத்ததும் நன்றாகத் திட்டும் வாங்கினேன். அந்தத் திட்டுகூட அன்றைக்கு இனித்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை போடவில்லைதானே என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். பிறகு, "டாக்டரம்மா சொல்லுததை மட்டும் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பருக்களோடுதான் போனேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள், பேசியவர்கள் பேசினார்கள், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டாக்டர் தைரியம் சொல்லியிருந்தாலும் ஐந்தாம் மாத ஸ்கேன் வரை மனசுக்குள் ஒரு முள் இருந்துகொண்டேதான் இருந்தது. ஸ்கேனுக்கு என் கணவரோடு அக்காவும் லீவு போட்டுவிட்டு வந்தார். முகம், இதயம், கை, கால் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதும், என் கணவர் கையைக் கூப்பினார். அக்கா வெளியே போய் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது.

பிறந்தவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கும் முகம் நிறையப் பரு. தினமும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, தன்னைப் போல் துரதிர்ஷ்டசாலி உலகத்திலேயே இல்லை என்று ஒரு பாட்டம் புலம்புவாள். தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆறுதலும் சொல்கிறேன். ஆனால், அவள் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம், இப்படிப் புலம்புவதற்காவது நல்லபடியாக வந்து பிறந்தாளே என்றுதான் எனக்கு மனசு நிறைகிறது.