தோளில் தாங்கிய கை

கல்யாணமான ஆறாம் மாதமே ஃபலேசியை மலாவியில் விட்டுவிட்டு லமேக்கி ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். பதினோரு வருடம் கழித்து, பாறை விழுந்து இறுகிப்போன வலது தோளோடும் நெஞ்சு நிறையக் கல்தூசியோடும் திரும்பினார். மல்லாந்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்துதான் தூங்குவார். உள்ளூர் சோள மில்லில் வேலை கிடைத்தது. போன மழைக்காலத்தில் மில் பெல்ட் அதே வலது கையை இழுத்துக்கொண்டது. பச்சிலை கட்டியே நாலு நாள் போயிற்று. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. கையை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் லாக்கேலி அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஃபலேசியைத் தனியே அழைத்தாள்.

"முழு மயக்கம் குடுத்தா இவரு எழுந்திரிக்க மாட்டாரும்மா. கையை மட்டும் மரத்துப்போக வைக்கணும். கழுத்தடியில ஊசி போட்டா மூச்சுத் தசையும் சேர்ந்து மரத்துடலாம், இவருக்குத் தாங்காது. அக்குள்லதான் போடணும். அதுக்குக் கை விரிஞ்சு மேல வரணும்."

"அது தூக்க வராத கையாச்சேம்மா."

"சாஞ்சே உக்காரட்டும். மெதுவாத் தூக்குவோம். நீங்களும் உள்ள வாங்க."

ஃபலேசி பச்சை அங்கி மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவருடைய முழங்கையைத் தன் தோளில் ஏந்தி, லாக்கேலி சொல்லச் சொல்ல விரல்கடை விரல்கடையாக உயர்ந்தாள். லமேக்கி உதட்டைக் கடித்தார்.

"வலிக்குதாங்க?"

"உன் எலும்புதான் குத்துது. ஒழுங்கா நசிமாக் களி தின்னாத்தானே சதை வைக்கும்!"

ஒருவழியாக அக்குள் திறந்தது, ஊசி இறங்கியது. கை மரத்ததும் அதைப் பலகையில் கிடத்தி, நடுவில் திரை கட்டிவிட்டு, ஃபலேசியை வெளியே அனுப்பினார்கள்.

எல்லாம் முடிந்து தள்ளுவண்டியில் வெளியே வந்தவர் அவளைப் பார்த்தார். "இன்னும் ஏன் தாங்கிக்கிட்டு நிக்கிற? இறக்கி விடு, உனக்கு நோகும்."

ஃபலேசி லாக்கேலியைத் திரும்பிப் பார்த்தாள். லாக்கேலி அவள் காதருகே சொன்னாள்: "மரத்துப்போறப்ப கை எங்க இருந்துச்சோ, அங்கயே இருக்குற மாதிரிதான் தோணும்."

"நோகலைங்க," என்றாள் ஃபலேசி. "இருக்கட்டும்."

சாயங்காலம் மருந்து தெளிந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெட்டிய கையை ஃபலேசி கேட்டு வாங்கிப்போய், ஊர் மயானத்தில் துணி சுற்றிப் புதைத்தாள். புண் ஆறியது, நெஞ்சு ஆறவில்லை. ஜூலைக் குளிரில் லமேக்கி போய்ச் சேர்ந்தார். குழி வெட்ட வந்தவர்களுக்கு அவள்தான் இடம் காட்டினாள்.


"இந்தக் குழிக்கு வலப்பக்கம் வெட்டாதீங்கப்பா," என்றாள். "அங்க அவரு கை கிடக்குது."