சுனைக்கு வழி கேட்டவர்கள்

ஜவ்வாது மலையைப் பற்றி ஓர் இணையதளம் நடத்துகிறேன். எந்த ஊருக்கு எப்போது பேருந்து வந்தது, எந்தப் பள்ளிக்கு எப்போது ஓடு மாற்றினார்கள் என்று விசாரித்து, நாள் தவறாமல் எழுதிவைப்பேன். காலையில் முதல் வேலை, முந்தைய நாள் எத்தனை பேர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதை நோட்டில் தேதிவாரியாகக் குறிப்பது. வரலாற்றுப் பக்கங்களை ஒருவரும் சீந்துவதில்லை. அந்த அலட்சியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மைத்துனனின் சாமை நிலத்துக்குப் பின்னால் ஒரு சுனை இருக்கிறது. போன ஆடியில் அதைப் பற்றி எழுதினேன். ஜமுனாமரத்தூரிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும் என்பதுவரை எழுதினேன். ஆவணியில் அந்த ஒரு பக்கத்தின் எண்ணிக்கை மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மைத்துனன் வந்து எங்கள் வாசலில் ஒரு சாக்கைக் கவிழ்த்தான். பீர் பாட்டில்கள், சிப்ஸ் உறைகள், மிதிபட்ட சாமைப் பயிர்.

“இன்னா மாமா இது? கதிர் வர்ற நேரத்துல காரு காரா வந்து நெலத்துல பூந்து போட்டோ புடிக்கிறானுங்க. யார்றா வழி சொன்னதுன்னு கேட்டா, போன்ல நீங்க எழுதினதைக் காட்றானுங்க.”

“அவன் மிதிச்சா நான் இன்னா பண்றது? வேலி போட்டுக்கோ.”

“வழி சொல்றது நீங்க, வேலி போடறது நானா? நல்லா கீதே உங்க நாயம்!”

எந்தெந்த நாள் கூட்டம் வந்தது என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் போனான். நோட்டைத் திறந்தேன். அவன் சொன்ன ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் முந்தைய நாள் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த நாள்களை வாசகர் பெருகிய நாள்களென்று சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். தளத்தின் கணக்கையும் பார்த்தேன்; ஒருவனும் அரை நிமிடம்கூடப் படிக்கவில்லை. வழியை மட்டும் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள், படிப்பு வாசனையற்ற கூட்டம்.

அந்தப் பக்கத்தை அன்றே நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. அந்த எண் இறங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அவன் பசு சுனையில் தண்ணீர் குடிக்கப் போனபோது, அதன் குளம்பிடுக்கில் உடைந்த பாட்டிலின் கண்ணாடி ஏறியது. இந்த முறை அவன் ‘நீங்க’ என்று சொல்லவில்லை.

“எடுக்கிறியா, இல்லியா?”

அவன் எதிரிலேயே அழித்தேன். காட்டச் சொன்னான். காட்டினேன்.

“இனிமே வரமாட்டானுங்களா?”

என் பக்கத்தைப் பார்த்துப் பலர் வீடியோ போட்டுவிட்டிருந்தார்கள். “தெரியல” என்றேன்.

“தெரியலயா? அப்போ தெனம் காலையில இன்னாத்தப் பாத்துனு இருந்த?”

என் மனைவி கதவருகே நின்றிருந்தாள். தம்பியைத் தடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் கார்கள் வந்தன. மிச்சமிருந்த பயிரை அவன் முற்றும் முன்பே அறுத்துவிட்டான். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு வரும் சாமை இந்த ஆண்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை.