பத்து வெற்றியும் ஒன்பதாம் இடமும்

அந்தப் பருவத்தில் ஆடிய பத்து ஆட்டங்களையும் வென்றோம். ஆனாலும் எங்கள் கல்லூரி மகளிர் கரப்பந்து அணிக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்தான். தேசியச் சாம்பியன் போட்டிக்கு எட்டு அணிகளைத்தான் எடுப்பார்கள். மூன்று ஆட்டங்களில் தோற்ற அணியொன்று ஏழாவதாக உள்ளே போய்விட்டது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தரவரிசை போடுகிறவர்கள் வெற்றிகளை மட்டும் எண்ணுவதில்லை, யாரை வென்றாய் என்றும் பார்ப்பார்கள். பலமான அணியிடம் போராடித் தோற்றாலும் மதிப்பு உண்டு. நோஞ்சான் அணியை அடித்துத் துவைத்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. நாங்கள் துவைத்ததெல்லாம் சுவிஸில் எங்கள் ஊரான வின்டர்தூரைச் சுற்றியிருந்த நோஞ்சான்களை.

யாரோடு ஆடுவது என்பதை அணிகளே பேசி முடிவு செய்யலாம். எங்கள் அணியில் அந்த வேலையைப் பார்த்தவள் நான். நாட்டின் மறுகோடியில், லொசானிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் பலமான அணிகள் அழைத்தன. இரண்டையும் மறுத்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் தமிழ்ப் பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். "என்ர மகள் படிப்பிப்பாள்" என்று அப்பா என்னைக் கேட்காமலே, கோயிலில் நாலு பேர் முன்னால், பாடசாலை அதிபருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை மீறினால் அவருக்கு மானம் போய்விடும். அதனால் காலையில் ஆடிவிட்டு மத்தியானத்துக்குள் ரயிலேறித் திரும்பக்கூடிய அணிகளாகப் பொறுக்கினேன். தேர்வு விதிகளை வாசித்துத்தான் இருந்தேன். எல்லாவற்றையும் வென்றால் போதாதா என்று நினைத்த மடைச்சி.

முடிவு வந்த அன்று உடைமாற்றும் அறையில் எல்லோரும் தேர்வுக் குழுவைத் திட்டித் தீர்த்தார்கள். எல்லோரையும்விட உரக்கத் திட்டியவள் நான். அணித்தலைவி என்னைக் கட்டிப்பிடித்து, நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று அழுதாள். லொசான், ஜெனீவா அழைப்புகளைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

வீட்டில் அப்பா சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தார். உணவகச் சமையலறையில் அவருக்குச் சனிக்கிழமைதோறும் வேலை. நான் ஆடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பேர்னில் நடக்கவிருந்த சாம்பியன் போட்டிக்காக முதல் தடவையாக ஷெஃபிடம் கெஞ்சி லீவு வாங்கியிருந்தார். அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் என் வகுப்புக்கும் அதிபரிடம் அனுமதி கேட்டிருந்தார்.

"எங்களை எடுக்கேல்லை அப்பா."

"பத்தும் வெண்டனீங்கள்தானே?"

"ஓம். ஆனா எல்லாம் சின்ன அணியள்."

"பெரிய அணியளோட ஏன் விளையாடேல்லை?"

"கூப்பிட்டவை. போனா சனிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள திரும்பி வரேலாது."

எந்த இரண்டு மணி என்று அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த துணியைக் கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே" என்றார்.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போட்டி நடந்த சனிக்கிழமை காலையில், மினுக்கிய சப்பாத்து வாசலில் கிடக்க, பழைய வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஷெஃப் வரச் சொல்லிப்போட்டான்" என்றார்.

பொய். லீவு வேண்டாமென்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்ததாக அம்மா பிறகு சொன்னார்.

நான் இரண்டு மணிக்கு வகுப்பில் நின்றேன். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.